கடைசியாக எந்தப் புத்தகம் பிடித்தது?

"எட்டாவது படிக்கிறான், அவனுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு குடுங்க." சேலத்தில் நூலக மேசையில் உட்கார்ந்திருக்கும் நான் அடிக்கடி கேட்பது இது. வகுப்பைச் சொல்வார்கள், வயதைச் சொல்வார்கள். பையன் பக்கத்திலேயே நிற்பான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் அவனிடம்தான் கேட்பேன்: "கடைசியா எந்தப் புத்தகம் உனக்குப் பிடிச்சுது கண்ணு?" பதில் வரவில்லை என்றால், "சாயங்காலம் என்ன பண்ணுவ?"

ஒருவன் பாம்பு பார்க்கப் போவேன் என்றான். ஏற்காடு அடிவாரத்தில் வீடு. பாடத்தையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான் என்று அம்மாவுக்குக் கவலை. பெரியவர்களுக்கான பாம்புப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டிதான் போடும் என்ற வரியில் அவன் விரல் நின்றது. உடனே அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். எங்கேயும் தடுக்கவில்லை.

இப்படிக் கேட்பதற்கு நம் ஊர்ப் பெயரோடு ஒரு முன்னோடி உண்டு. 1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், அங்கே முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்குகிறார். பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அடுத்த கேள்வி வருகிறது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது அங்கே தொடங்கிய வேலையால்தான். இதெல்லாம் சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் இருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர்கள் வந்து கேட்டால் நான் முதலில் எடுத்துத் தருவதும் அதுதான். தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம், சின்னச் சின்ன அத்தியாயங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கதைப் புத்தகம் எடுத்தால் மார்க் போய்விடும் என்று பிள்ளையின் கையிலிருந்து பிடுங்காதீர்கள். என் கண்ணெதிரே நடக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. இருபது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, திருப்பிக் கொண்டு வாருங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்ததைத் தேட அதுதான் எங்களுக்கு உதவும். பெரியவர்களும் கூச்சப்படாமல் கேட்கலாம். "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்" என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே விதியாக எழுதி வைத்திருக்கிறார். எங்கள் அலமாரியில் சில புத்தகங்களின் தேதிச் சீட்டில் பல வருடமாக ஒரு முத்திரைகூட விழவில்லை. நல்ல புத்தகங்கள் அவை. கேட்க ஆள் வந்தால்தானே எடுத்து நீட்ட முடியும்?

கொலுசுப் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்த அம்மா ஒருவர் பேத்தியை விட வருவார், வாசலோடு நின்றுகொள்வார். நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் போச்சு, பொடி எழுத்து தெரியாது என்றார். குழந்தைகள் பிரிவில் பெரிய எழுத்தில் அச்சான நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு ஒன்று இருந்தது, கொடுத்தேன். அடுத்த வாரம் உள்ளே வந்து மேசைமேல் வைத்தார்.

"மூணாவது கதையைத் தப்பா எழுதியிருக்காங்க. எங்க அம்மாயி வேற மாதிரி சொல்லும்" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.