கடற்கரை மணலில் கிடக்கும் தோரியம் ஏன் இன்னும் மின்சாரம் ஆகவில்லை?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அலை ஏறி இறங்கிய இடத்தைக் குனிந்து பார்த்தால் மணல் ஒரே நிறமாக இருக்காது. கறுப்பு வரிகளாகத் தெரிவது இல்மனைட். சிவப்பு, கார்னெட். இரண்டுக்கும் நடுவே மஞ்சளும் பழுப்புமாக அங்கங்கே மின்னும் பொடி மணிகள்தான் மோனசைட். அதன் எடையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து பங்கு வரை, அணு எரிபொருளாக மாற்றக்கூடிய உலோகமான தோரியத்தின் ஆக்சைடு. கேரளத்தின் சவறா, ஒடிசாவின் சத்ரபூர் என மற்ற கரைகளையும் சேர்த்தால் நாட்டில் ஒரு கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அரசின் கணக்கு சொல்கிறது. உலகின் மிகப் பெரிய தோரிய இருப்புகளில் இதுவும் ஒன்று.

அப்படியிருந்தும் கூடங்குளத்து உலைகளுக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. மற்ற உலைகள் பலவற்றுக்கு கஜகஸ்தான், கனடா போன்ற நாடுகளிலிருந்து யுரேனியம் வாங்குகிறோம். காலடியில் இவ்வளவை வைத்துக்கொண்டு ஏன் வெளியே கையேந்த வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. யாரோ திட்டமிட்டுத் தடுக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு பதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உண்மையான பதில் அணுக்கருவுக்குள் இருக்கிறது. அது தெரியாமல் நம் நாட்டின் அணுமின் கொள்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

அணு உலையில் நடப்பது ஒரு தொடர்வினை. யுரேனியம்-235இன் அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்குகிறது. கரு பிளந்து வெப்பம் வருகிறது. கூடவே சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளியே வருகின்றன. அவற்றில் ஒன்று அடுத்த கருவைப் பிளந்தால் வினை அணையாமல் தொடரும். தோரியம்-232 இப்படி வினையை நடத்தாது. நியூட்ரானைக் கொடுத்தால் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய பிறகு தோரியம்-233 ஆகி, பாதி அளவு 22 நிமிடத்தில் புரோட்டாக்டினியமாக மாறும். அந்தப் புரோட்டாக்டினியத்தில் பாதி, சுமார் 27 நாளில் யுரேனியம்-233 ஆகும். இந்த யுரேனியம்-233 அருமையான எரிபொருள். ஆனால் அதை உண்டாக்க முதலில் நியூட்ரான் வேண்டும். அந்த நியூட்ரானை வேறு ஏதாவது ஒரு எரிபொருள்தான் தரவேண்டும்.

அந்த வேறொன்று எங்கிருந்து வரும்? இந்திய அணுசக்தித் திட்டத்தின் முன்னோடி ஹோமி பாபா 1954இல் முன்வைத்த மூன்று கட்டத் திட்டம் இந்தக் கேள்விக்கான விடைதான். முதல் கட்டத்தில் இயற்கை யுரேனியத்தை அப்படியே கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலையில் எரிப்பது. அதில் பிளவுறும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம், மீதி கிட்டத்தட்ட முழுவதும் யுரேனியம்-238. உலை ஓடும்போது இந்த 238இல் கொஞ்சம் நியூட்ரானை விழுங்கிப் புளூட்டோனியம்-239 ஆகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்தப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து, எரிப்பதைவிட அதிகம் உண்டாக்கும் ஈனுலையில் போட்டுப் பெருக்குவது. கையிருப்பு போதிய அளவு பெருகியபின் உலையில் தோரியத்தையும் வைத்து யுரேனியம்-233 ஆக்குவது. அந்த யுரேனியம்-233ஐக் கொண்டு ஓடும் உலைகள் மூன்றாம் கட்டம்.

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இந்த மூன்று கட்டங்களின் அடையாளங்களையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம். 1980களில் இயங்கத் தொடங்கிய 220 மெகாவாட் கனநீர் உலைகள், 1985இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலை, யுரேனியம்-233இல் ஓடும் 30 கிலோவாட் காமினி என்னும் குட்டி உலை. அவற்றோடு 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை. இந்தக் கட்டுரையின் நாயகன் அதுதான்.

ஈனுலையின் சூட்சுமம் நியூட்ரான் கணக்கில் இருக்கிறது. ஒரு பிளவில் வரும் நியூட்ரான்களில் ஒன்று வினையைத் தொடர வேண்டும். இன்னொன்று யுரேனியம்-238இல் புகுந்து, செலவான புளூட்டோனியத்துக்கு ஈடு செய்ய வேண்டும். வெளியே கசிவதும் எஃகில் வீணாவதும் போக, அதற்கு மேலும் மிஞ்சினால்தான் எரிபொருள் பெருகும். சாதாரண உலைகளில் நீர் நியூட்ரானின் வேகத்தைக் குறைத்துவிடும். மெதுவான நியூட்ரானைப் புளூட்டோனியம் பல நேரம் பிளக்காமலே விழுங்கிவிடும். வேகம் குறையாத நியூட்ரான் தாக்கினால் பிளவு நிகழும் வாய்ப்பு கூடும். ஒரு பிளவுக்குக் கிடைக்கும் நியூட்ரானும் 2.9ஐ நெருங்கும். இந்த உபரிக்காகத்தான் 'வேக' ஈனுலை. ஆகவே அதற்குள் நீர் கூடாது.

நீர் இல்லையென்றால் வெப்பத்தை யார் எடுத்துச் செல்வது? கல்பாக்கம் ஈனுலையின் எரிபொருள் கம்பி ஒன்றின் குறுக்களவு 6.6 மில்லிமீட்டர், பென்சிலைவிட மெல்லியது. உள்ளே யுரேனிய, புளூட்டோனிய ஆக்சைடுகளைக் கலந்து சுட்ட வில்லைகள், நடுவில் துளையோடு அடுக்கப்பட்டிருக்கும். 217 கம்பிகள் ஒரு அறுகோணக் குழாயில் அடங்கும். அப்படி 181 கட்டுகள். எரியும் பகுதி மொத்தமும் ஏறத்தாழ 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம்தான். சிறிய அறையின் மூலையில் அடங்கிவிடும். அதிலிருந்து 1250 மெகாவாட் வெப்பம் வெளியேற வேண்டும். உருகிய சோடியம் அதைச் செய்கிறது. 98 டிகிரி செல்சியஸில் உருகி, 883இல்தான் கொதிக்கும். வெப்பத்தை மின்னல் வேகத்தில் கடத்தும். நியூட்ரானின் வேகத்தை அதிகம் குறைக்காது. 397 டிகிரியில் உள்ளே போய் 547 டிகிரியில் வெளியே வருகிறது. கொதிநிலைக்கு வெகு கீழே இருப்பதால் உயர் அழுத்தம் தேவையில்லை. இது பாதுகாப்புக்குப் பெரிய பலம்.

பலவீனமும் அதே சோடியத்தில்தான். காற்று பட்டால் எரியும், நீர் பட்டால் ஹைட்ரஜன் வெடிப்பு வரை போகும். ஆனால் மின்சாரம் எடுக்க நீராவி வேண்டும். ஆக, நீராவி உற்பத்திக் கலனில் மெல்லிய உலோகக் குழாய் ஒன்றே சோடியத்தையும் நீரையும் பிரித்து வைக்கிறது. அதனால்தான் உலையைத் தொடும் சோடியம் கதிரியக்கத்தோடு தனிச் சுற்றில் ஓட, அதிலிருந்து வெப்பத்தை வாங்கும் இரண்டாவது சோடியச் சுற்றுதான் நீரை நெருங்குகிறது. ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பரில் வெப்பமானியின் உறை ஒன்று அதிர்வில் முறிந்து சோடியம் கசிந்து எரிந்தது. அதன்பின் அது முழுமையாக எழவே இல்லை. 2016இல் மூட முடிவெடுத்தார்கள். பிரான்ஸ் தன் சூப்பர்ஃபீனிக்ஸை 1990களின் இறுதியில் கைவிட்டது. ரஷ்யாவின் பெலோயார்ஸ்க்கில் மட்டும் 600 மெகாவாட் ஈனுலை 1980 முதல் ஓடுகிறது, பக்கத்திலேயே 800 மெகாவாட் உலையும் சேர்ந்திருக்கிறது. ஆகவே இது நடக்காத காரியமல்ல, கடினமான காரியம்.

நம் உலையும் கடினத்தைச் சந்தித்தது. கட்டுமானம் 2004இல் தொடங்கிய ஆண்டிலேயே ஆழிப்பேரலை அடித்தளக் குழிக்குள் புகுந்தது. 3,492 கோடி ரூபாய் என்று தொடங்கிய செலவு இருமடங்கைத் தாண்டியது. 2010இல் முடியவேண்டிய உலையின் மையத்தில் கட்டுகளை ஏற்றும் பணி 2024 மார்ச்சில்தான் ஆரம்பமானது. இந்தத் தாமதத்தை வெறும் நிர்வாகக் கோளாறு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் வெளிநாட்டுக் கதவுகள் சாத்தப்பட்டபோது, சோதனை ஈனுலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. கல்பாக்கத்துக்காக மும்பையில் புளூட்டோனியம், யுரேனிய கார்பைடு கலவையையே எரிபொருளாக உருவாக்கினார்கள். வேறெங்கும் ஓட்டிப் பார்க்காத எரிபொருள் அது. அந்த உழைப்புக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆனால் கணக்கையும் மறைக்கக் கூடாது. இந்த ஈனுலையைத் தொடங்க ஏறத்தாழ இரண்டு டன் புளூட்டோனியம் வேண்டும். கனநீர் உலையில் எரிந்த ஒரு டன் எரிபொருளில் கிடைப்பது மூன்றரை முதல் நான்கு கிலோ. அப்படியானால் ஐந்நூறு டன்னுக்கு மேல் கரைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு 220 மெகாவாட் உலை முழுமூச்சாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஓடினால் சேரும் அளவு அது. வெளிநாட்டு யுரேனியத்துக்கு வழி திறந்த 2008க்கு முன், உள்நாட்டு யுரேனியம் போதாமல் கனநீர் உலைகள் பாதித் திறனில் ஓடிய நாட்களை நினைத்தால், இந்தச் சேமிப்பு எவ்வளவு மெதுவாக நடந்திருக்கும் என்பது புரியும்.

இன்னும் முக்கியமானது பெருக்க வேகம். புளூட்டோனியம் இங்கே விதைநெல். அறுவடையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே அடுத்த வயல். ஆக்சைடு எரிபொருளில் ஓடும் இந்த உலையில் நூறு எரிந்தால் நூற்றைந்து அளவில்தான் உண்டாகிறது. இந்த வேகத்தில் இன்னொரு உலைக்கான எரிபொருள் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். உலோக எரிபொருளுக்கு மாறினால் பெருக்கம் வெகுவாகக் கூடும். அதன் ஆய்வும் கல்பாக்கத்தில் நடக்கிறது. இந்தச் சேமிப்பு பெருகுமுன் தோரியத்தை நிறைய உள்ளே வைத்தால், கிடைக்கும் நியூட்ரானை அது எடுத்துக்கொண்டு புளூட்டோனியப் பெருக்கத்தைக் கெடுத்துவிடும். மூன்றாம் கட்டத்தை அவசரப்படுத்த முடியாததற்குக் காரணம் இதுவே. போதாக்குறைக்கு யுரேனியம்-233ஓடு சேர்ந்தே உண்டாகும் யுரேனியம்-232இன் வழித்தோன்றல்கள் ஊடுருவும் காமா கதிர்களை வீசும். அதனால் எரிபொருள் தயாரிப்பைத் தடித்த சுவர்களுக்குப் பின்னால் இயந்திரக் கைகளால்தான் செய்யவேண்டும்.

2025 வரவுசெலவு அறிக்கையில் 2047க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின் இலக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது நம்மிடம் இருந்தது 8,180 மெகாவாட். அந்த இலக்கை எட்டினாலும் அதில் பெரும்பகுதி கனநீர் உலைகளும் வெளிநாட்டு யுரேனியமும் தருவதாகத்தான் இருக்கும். தோரியத்தைக் காட்டி நாளையே தன்னிறைவு என்று பேசுவது தவறு. அதைக் காட்டியே கடற்கரைகளை இப்போது அவசரமாகத் தோண்டுவதும் தவறு என்பது என் கருத்து. கிள்ளியூர் பகுதியில் மணல் சுரங்க விரிவாக்கத்தை மீனவர்கள் எதிர்க்கும்போது, அந்தத் தோரியம் உலைக்குப் போகப் பல பத்தாண்டுகள் இருக்கின்றன என்ற உண்மையும் மேசைமேல் இருக்கவேண்டும். இன்றைய சுரங்கத்தின் உடனடி வரும்படி டைட்டானியக் கனிமங்களும் அருமண் தனிமங்களும்தான்.

கல்பாக்கத்தில் இனிக் கவனிக்க வேண்டியது உலையைவிட அதன் அருகிலுள்ள மறுபதப்படுத்தும் கூடங்களை. ஈனுலையில் எரிந்த எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தை மீட்கும் செயல்விளக்க ஆலை 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 500 மெகாவாட் உலைக்கான முழு அளவிலான எரிபொருள் சுழற்சி வளாகம் தனியாகக் கட்டப்படுகிறது. அதே ஊரில் மேலும் இரண்டு ஈனுலைகள் திட்டத்தில் உள்ளன. அவற்றின் எரிபொருள் எந்த ஆண்டில் தயாராகும் என்பதை இந்தக் கூடங்களில் ஆண்டுக்கு எத்தனை கிலோ பிரிகிறது என்பதே முடிவு செய்யும்.