வளைகுடா வீட்டில் கரப்பானுக்குத் தண்ணீர் வைப்பது யார்?

ஜூலை மாத துபாயில் பகல் வெயில் 45 டிகிரியைத் தொடும். பெரும்பாலான ஆண்டுகளில் மொத்த மழையே 100 மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கும். இப்படிக் காய்ந்த ஊரில் பூச்சித் தொல்லை இருக்காது என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். நள்ளிரவில் அடுக்களை விளக்கைப் போட்ட மறுகணம் அந்த நினைப்பு போய்விடும். வெளியே எவ்வளவு காய்கிறதோ, அந்த அளவுக்கு வீட்டுக்குள் இருக்கும் ஈரத்தை நோக்கிப் பூச்சிகள் வந்து சேரும்.

பூச்சியின் உடல் சிறியது, அதனால் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். நீர் ஆவியாகிப் போகும் வேகமும் அதற்கேற்பக் கூடும். மேல்தோலில் இருக்கும் மெல்லிய மெழுகுப் படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது. அந்தக் காப்பும் ஓரளவுக்குத்தான். சமையலறைகளில் அதிகம் காணும் சின்ன ஜெர்மன் கரப்பானை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் கிடைத்தால் சாப்பாடே இல்லாமல் ஒரு மாதம் வரை தாங்கும். உலர்ந்த தீனி எவ்வளவு கிடந்தாலும், தண்ணீர் இல்லாவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் செத்துவிடும். அடுப்பு மேடையைப் பளபளவென்று துடைத்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் சொட்டும் குழாயை அப்படியே விட்டால் பாதி வேலைகூட முடியவில்லை என்று பொருள்.

வளைகுடா வீட்டில் தண்ணீர் வரும் முதல் இடம் ஏசி. கடலோரப் பாலைவனத்தில் மழை இல்லாவிட்டாலும் காற்றில் நீராவி ஏராளம். சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை வெப்பம் 35 டிகிரி என்று பதிவானது, அதாவது 35 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அந்தக் காற்றிலிருந்து நீர் பிரியும். அப்படிப்பட்ட காற்று ஏசியின் குளிர்ந்த சுருள்மேல் பட்டால் ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீர் வடியும். அந்த நீர் ஒரு தட்டில் சேர்ந்து மெல்லிய குழாய் வழியாக வெளியேற வேண்டும். தூசியும் பாசியும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருட்டும் ஈரமுமாகக் கரப்பானுக்குக் குடியிருப்பு தயார்.

சோதிப்பது எளிது. ஏசியை அணைத்துவிட்டு, தட்டில் மெதுவாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குழாயின் மறுமுனையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் தடையின்றி வந்துவிட்டால் சரி. தேங்கி நின்றால் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். வெளியே நீண்டிருக்கும் முனையில் கொசுவலைத் துண்டைக் கட்டிவிடலாம், ஆனால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் வலையே அடைப்பாகிவிடும். குழாய் நேராகக் குளியலறைச் சாக்கடையில் இணைந்திருந்தால் நடுவில் ஒரு நீர்ப்பூட்டு வளைவு, அதாவது தேங்கி நிற்கும் தண்ணீராலேயே வழியை அடைக்கும் வளைவு, அவசியம். அது இல்லாத வீட்டில் சாக்கடைக்கும் படுக்கையறைக்கும் நேர்வழி திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது இடம் குளியலறைத் தரை வடிகால். கட்டைவிரல் நீளத்தில், செம்பழுப்பு நிறத்தில் வரும் அமெரிக்கன் கரப்பான் சாக்கடைவாசி. அதைத் தடுப்பது வடிகாலின் ஓட்டைத் தகட்டு மூடிக்கு அடியில் தேங்கி நிற்கும் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர். ஜூலை, ஆகஸ்ட்டில் குடும்பத்தோடு ஊருக்குப் போனால் பூட்டிய வீட்டில் இந்தத் தண்ணீர் சில வாரங்களில் காய்ந்துவிடும். திரும்பி வந்ததும் கரப்பானும் நாற்றமும் ஒன்றாக வரவேற்பதற்கு இதுதான் காரணம். கிளம்பும் நாளில் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் மிதந்து நின்று, நீர் ஆவியாவதை வெகுவாகக் குறைக்கும். விருந்தாளி அறையின் குளியலறை, வாஷிங் மெஷின் குழாய், பால்கனி வடிகால் ஆகிய மூன்றும்தான் வழக்கமாக மறந்துபோகும்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. பல வடிகால்களில் அந்த மூடியைத் தூக்கினால் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு துண்டு இருக்கும். நீர்ப்பூட்டை உண்டாக்குவதே அதுதான். தண்ணீர் சீக்கிரம் போகட்டும் என்று யாராவது அதைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார்கள். அது இல்லாமல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயன் இல்லை. வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையைச் சுற்றியுள்ள இடைவெளியையும் சிலிகான் வைத்து அடைத்துவிட வேண்டும். அலங்கார வளையத்தைத் தள்ளிப் பார்த்தால்தான் அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஜெர்மன் கரப்பான் சாக்கடை வழியாக வருவதில்லை. அட்டைப்பெட்டி, பழைய ஃபிரிட்ஜ், கார்கோ மூட்டை என்று மனிதர்களோடுதான் பயணம் செய்யும். பெயரில் ஜெர்மனி இருந்தாலும் பூர்வீகம் நம் பக்கம். 2024இல் வெளியான மரபணு ஆய்வின்படி, இந்த இனம் ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில், ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது. மேற்காசியாவுக்கு அது போய்ச் சேர்ந்து 1,200 ஆண்டுகள் ஆகின்றன. வளைகுடாவுக்கு நமக்கு முன்பே போய்விட்ட உறவு!

இதற்கு ஸ்பிரே சரியான ஆயுதம் அல்ல. கடையில் விற்கும் பெரும்பாலான ஸ்பிரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளை எதிர்க்கும் திறன் பல இடங்களில் இந்த இனத்துக்கு வந்துவிட்டது. சாகாதவை கலைந்து அடுத்த அறைக்கு ஓடும். நம்பத் தகுந்தது ஜெல், அதாவது கரப்பான் விரும்பும் தீனியில் மருந்து கலந்த பசை. ஃபிப்ரோனில் 0.05 சதவீதமோ இண்டாக்ஸாகார்ப் 0.6 சதவீதமோ உள்ள ஜெல்லை வாங்கி, துவரம்பருப்பு அளவில் சிறு சிறு சொட்டாக வைக்க வேண்டும். கதவுக் கீல், ஃபிரிட்ஜின் பின்பக்கம், சிங்க் அலமாரியின் மேல்மூலை, மைக்ரோவேவ் அடிப்பகுதி என்று வெதுவெதுப்பும் ஈரமும் பக்கத்தில் இருக்கும் இடங்களில் வைப்பது நல்லது. ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதைவிட இருபது முப்பது சின்னச் சொட்டுகள் மேல். மருந்தைத் தின்ற கரப்பானின் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் குஞ்சுகளும் சாகும், ஜெல்லின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது.

ஜெல் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். ஜெல்லுக்குப் பக்கத்தில் ஸ்பிரே அடித்திருப்பார்கள், அந்த வாடைக்குக் கரப்பான் நெருங்காது. அல்லது ஏசிக் காற்றில் ஜெல் காய்ந்து ஓடுகட்டியிருக்கும், அப்போது சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மூன்றாவது சுவாரசியமானது: சில கரப்பான் கூட்டங்களுக்குக் குளுக்கோஸ் கசக்கும். 1990களில் அமெரிக்காவில் இதைக் கவனித்தார்கள். சர்க்கரையைக் கசப்பாக உணரும்படி அவற்றின் சுவை நரம்புகள் மாறியிருப்பது 2013இல் உறுதியானது. எனவே ஒரு கம்பெனி ஜெல் பலிக்காவிட்டால் அளவைக் கூட்டாமல், வேறு தீனிக் கலவை உள்ள ஜெல்லுக்கு மாறுவதே வழி. ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 குஞ்சுகள் இருக்கும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் வைத்தே ஆக வேண்டும்.

கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரும் நல்ல மருந்துதான். எல்லா கேரம் பவுடரும் போரிக் அல்ல, பாக்கெட்டைப் படித்து வாங்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லிய படலமாகத் தூவினால் காலில் ஒட்டி வாய்க்குப் போகும். குவியலாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். ஈரம் பட்டால் கட்டியாகிப் பயனற்றுப் போகும். குழந்தை கை எட்டும் இடத்தில் தூவவே கூடாது.

சுவரோரம் வரிசையாகப் போகும் மஞ்சள் நிறப் பொடி எறும்புக்கும் இதே பவுடர் போதும். நூறு மில்லி தண்ணீரில் பத்து கிராம் சர்க்கரை, ஒரு கிராம் போரிக் பவுடர் கலந்து பஞ்சில் நனைத்து வைக்கலாம். மருந்து அதிகமானால் வேலைக்கார எறும்பு கூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே செத்துவிடும். இந்த எறும்புமேல் ஸ்பிரே அடித்தால் கூடு பல கூடுகளாகப் பிரியும். ஒவ்வொரு கூட்டிலும் பல ராணிகள் உண்டு.

ஊரிலிருந்து வந்த அரிசி, பருப்பு, ரவை மூட்டைகளை டப்பாவில் கொட்டும் முன் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் வண்டும் முட்டையும் சேர்ந்து சாகும்.

கடைசியாக மூட்டைப்பூச்சி. இதற்குத் தண்ணீர் வேண்டாம், நம் ரத்தமே போதும். ஓர் அறையில் ஆறு எட்டுப் பேர் தங்கும் பெட் ஸ்பேஸ்களில் ஒரு கட்டிலுக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை, எல்லாக் கட்டிலும் ஒரே நாளில் நடக்க வேண்டும். 50 டிகிரி வெப்பத்தில் மூட்டைப்பூச்சி செத்துவிடும். ஆனால் மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டால் சாகாது. பஞ்சு வெப்பத்தை உள்ளே விடாது, பூச்சி அடிப்பக்க நிழலுக்கு நகர்ந்துகொள்ளும். துணிமணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுவது நிச்சயமான வழி. கட்டில் சட்டத்தின் இடுக்குகளில் நீராவி பாய்ச்சலாம். மெத்தையை ஜிப் வைத்த உறைக்குள் போட்டு மூடி ஓராண்டு திறக்காமல் வைக்க வேண்டும், ஏனென்றால் பட்டினியிலேயே பல மாதம் உயிரோடு இருக்கும்.

இந்தத் தொல்லைக்காகச் சிலர் ரகசியமாக வாங்கி வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பின் என்ற நச்சு வாயுவைக் கக்கும். அந்த வாயு ஏசிக் குழாய், சுவர் வெடிப்பு, வடிகால் வழியாகப் பக்கத்து ஃபிளாட்டுக்குப் போகும். அமீரகத்தில் இப்படிப் பக்கத்து வீட்டில் தூங்கிய குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். வாந்தி, தலைச்சுற்றல், மூச்சுத் திணறல் என்று தொடங்குவதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தவறாக எண்ணிவிடுவார்கள். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடையோடு வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த அறிகுறிகள் வந்தால் ஜன்னல் திறக்கக்கூட நிற்காமல் எல்லோரும் வெளியேற வேண்டும். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998. மருத்துவமனையில் இது பூச்சிமருந்து வாயுவாக இருக்கலாம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும், பாஸ்பினுக்கு நச்சுமுறிவு மருந்து கிடையாது.