வரைபடத்துக்கு யாரும் பணம் தருவதில்லை

"முகநூல் பக்கத்தை ஆராய எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?" சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளை அலுவலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. தவறு அவர்மேல் இல்லை. விண்ணப்பத்தின் தலைப்பிலேயே 'சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு' என்று கொட்டை எழுத்தில் போட்டு வைத்திருந்தேன். படிப்பவருக்கு வேறு என்ன தோன்றும்? விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தொண்டு நிறுவனங்களுக்கு நான் எழுதித் தந்த எதிலும் அந்தச் சொல் முதல் பக்கத்தில் வந்ததில்லை.

யார் யாரிடம் ஆலோசனை கேட்கிறார்கள், உதவி தேடி வருபவரை யாரிடம் அனுப்பி வைக்கிறார்கள், நெருக்கடியில் முதலில் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, பதில்களைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து பார்ப்பதுதான் இந்த வேலை. சமூக ஊடகங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் வரைந்த படங்கள் 1934இல் நூலாகவே வந்துவிட்டன.

'சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு' என்ற பெயரில் தனி நிதிப் பிரிவு வைத்திருக்கும் அறக்கட்டளையை நான் பார்த்ததில்லை. பணம் வேறு பெயர்களில் இருக்கிறது: மதிப்பீடு, நிறுவனத் திறன் மேம்பாடு, கூட்டுச் செயல்பாடு. ஒரே பிரச்சினைக்காகப் பல அமைப்புகளுக்கு நிதி தரும் எந்த அறக்கட்டளைக்கும் ஓர் உறுத்தல் உண்டு. இவர்கள் உண்மையிலேயே சேர்ந்து வேலை செய்கிறார்களா, அல்லது அறிக்கையில் மட்டும்தானா? நம் விண்ணப்பம் அந்த உறுத்தலுக்குப் பதிலாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை, பொதுச் சுகாதாரக் கூட்டமைப்புகளின் உறவுகளை அளக்கும் 'பார்ட்னர்' என்ற கருவியை உருவாக்க நிதி தந்தது. அங்கே முன்னால் நின்றது சுகாதாரம். வலைப்பின்னல் அதற்கான வழி. ஆகவே படம் வரைய வேண்டும் என்று கேட்காதீர்கள். படத்தைப் பார்த்தபின் எந்த முடிவை மாற்றப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? இங்கேதான் இந்த முறையே கைகொடுக்கிறது. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் என்ற வரிப் படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அறங்காவலர்கள் யார் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரிட்டனில் நிதியளிப்பவர்கள் பலர் தங்கள் தரவுகளை '360 கிவிங்' என்ற அமைப்பின் வழியாக வெளியிடுகிறார்கள். உங்களைப் போன்ற அமைப்புகளை ஒரு பக்கமும் அவர்களுக்குப் பணம் தந்தவர்களை மறுபக்கமும் வைத்துக் கோடு போடுங்கள். உங்கள் கூட்டாளிகளில் நான்கு பேருக்குத் தந்துவிட்டு உங்களை இன்னும் அறியாத ஓர் அறக்கட்டளை தென்படலாம். அந்த நால்வரில் ஒருவர் செய்துவைக்கும் அறிமுகம், முகமறியாதவருக்கு அனுப்பும் நாற்பது கடிதங்களைவிட மேல். நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே புதிய செய்தி வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியது, நிதி தேடுபவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

வரவுசெலவுத் திட்டத்தில் எல்லோரும் மென்பொருளுக்குத் தொகை ஒதுக்குகிறார்கள். இந்தப் படங்களை வரையும் கெஃபி போன்ற நல்ல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவெல்லாம் பதில் வாங்குவதில்தான். முப்பது அமைப்புகள் என்றால் அவற்றுக்கிடையே 435 இணைகள். ஐந்து அமைப்புகள் பதில் தராவிட்டால், இரு தரப்பும் சொல்லி உறுதியாகும் இணைகள் 300 மட்டுமே. சாதாரணக் கருத்துக்கணிப்பில் ஆறில் ஒருவர் விடுபட்டால் சமாளிக்கலாம். இங்கே படத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சந்தேகத்துக்குரியதாகிவிடும். அதிலும், பதில் தர நேரமில்லாதவர்கள் பெரும்பாலும் எல்லோரும் தேடிப்போகும் ஆட்களாகவே இருப்பார்கள். நேரில் போய் உட்கார்ந்து கேட்க ஆள், ஓராண்டு கழித்து மறுபடி கேட்கவும் பணம். இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒற்றைப் படத்தில் மாற்றம் தெரியாது.

இன்னொன்றையும் முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டும். இந்த ஆய்வில் பெயரை மறைத்தால் வேலையே நடக்காது. 'அவரோடு எனக்குத் தொடர்பில்லை' என்று ஒருவர் நம்பிச் சொன்னது, அவருக்குப் பணம் தருபவரின் மேசைக்குப் போனால் என்ன ஆகும்? பெயர்களோடு கூடிய படம் பங்கேற்றவர்களுக்கு மட்டும், நிதியளிப்பவருக்குப் பொதுவான போக்குகள் மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். இதற்கு இசையாத ஓர் அறக்கட்டளையின் பணத்தை ஒருமுறை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அந்த ஆண்டு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இசைந்த இன்னொரு அறக்கட்டளைக்காகச் செய்த ஆய்வில், 'எங்கே சந்திக்கிறீர்கள்?' என்ற கேள்வியையும் சேர்த்திருந்தோம். முதல் படம் மிக அடர்த்தியாக வந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு, அந்த அறக்கட்டளை கூட்டும் கூட்டங்களில் மட்டுமே சந்திப்பவர்களுக்கு இடையிலான கோடுகளை நீக்கிக் காட்டினேன். திரையில் மிஞ்சியவை தனித்தனித் தீவுகள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தைத் தாம் இல்லாமல் அவர்களே நடத்த எவ்வளவு செலவாகும் என்று அறக்கட்டளை அலுவலர்தான் முதலில் கேட்டார்.