முதுகுச் சீட்டை உரிக்காதீர்கள்

தருமபுரி மாவட்டத்தில் நூலகராகப் பணியாற்றும் நான், அண்மையில் பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்பதற்காக அங்கே நூல்கள் அனைத்தையும் உயர வரிசையில் அடுக்கியிருந்ததோடு, அழுக்காகத் தெரிகின்றன என்று முதுகில் ஒட்டியிருந்த எண் சீட்டுகளையும் உரித்துவிட்டிருந்தார்கள். இந்த ஆண்டில் இத்தகைய கோலத்தில் நான் கண்ட மூன்றாவது பள்ளி இது. பட்டுப்புழு வளர்ப்பு பற்றிய நூல் ஒன்றைக் கேட்டு வந்த மாணவிக்கு அதைத் தேடித்தர எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அது இரண்டு அகராதிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது.

“பதிவேட்டில்தான் எண் இருக்கிறதே சார், சீட்டு போனால் என்ன?” என்று கேட்டார்கள். எத்தனை முறை சொன்னாலும் தீராத குழப்பம் இது. பதிவேட்டு எண் என்பது நூல் வந்து சேர்ந்த வரிசையைச் சொல்வது. தணிக்கைக்கு உதவும், வாசகருக்கு உதவாது. முதுகிலுள்ள எண்ணோ, நூல் எதைப் பற்றியது என்பதைச் சொல்வது. 638.2 என்று இருந்தால், 600 தொழில்நுட்பம், அதனுள் 630 வேளாண்மை, அதனுள் 638 பூச்சி வளர்ப்பு, அதனுள் பட்டுப்புழு என்று பொருள். தேனீ வளர்ப்பு 638.1 என்பதால் பக்கத்திலேயே நிற்கும். ஒன்றைத் தேடி வந்தவர் கண்ணில் மற்றொன்றும் படுவது தற்செயல் அன்று. அதற்காகவே எண் இடப்படுகிறது.

முற்காலத்து நூலகங்கள் பலவற்றில், இத்தனையாவது அலமாரி, இத்தனையாவது தட்டு, இத்தனையாவது நூல் என்று இடத்துக்கே எண் இட்டார்கள். புதிய நூல்கள் பெருகி அடுக்கு நிரம்பினால் எண்கள் அனைத்தையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆமர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் பணியாற்றிய மெல்வில் டூயி, எண்ணை அலமாரியிலிருந்து பிரித்துப் பொருளோடு கட்டினார். 1876இல் அவர் பெயர் அட்டையில் இல்லாமலே வெளிவந்த அந்தத் தசமப் பகுப்புமுறையின் (மேலே சொன்ன 638.2 போல, பொருள்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண் இடும் முறை) முதல் பதிப்பு வெறும் 44 பக்கங்கள். நூல்களை உயரம் பார்த்து அடுக்கும்போது நீங்கள் அதற்கும் முந்தைய காலத்துக்குப் போய்விடுகிறீர்கள். அந்தப் பழைய முறையில் இடத்துக்கு எண்ணாவது இருந்தது.

டூயியிடமும் குறை உண்டு. சமயத்துக்கு ஒதுக்கிய 200களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போக, இந்து சமயம் 294.5 என்னும் மூலையில் நெருங்கி நிற்பது எனக்கு இன்றும் எரிச்சல் தருவதே. பட்டுப்புழு 638இலும் பட்டு நெசவு 677இலும் பிரிந்து கிடப்பதும் அப்படியே.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துவந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, ஒரு கடையில் சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்துப் பூட்டலாம் என்ற எண்ணமே 1933இல், கூறுகளை முக்காற்புள்ளியால் (கோலன்) இணைக்கும் கோலன் பகுப்புமுறையாக வெளிவந்தது. பட்டுப்புழு, அதன் நோய், கிருஷ்ணகிரி, குறிப்பிட்ட ஓர் ஆண்டு ஆகிய நான்கையும் ஒரே எண்ணில் கோக்க அதில் வழியுண்டு.

ஆகவே, சீட்டு அழுக்கானால் அதே எண்ணைப் புதிய சீட்டில் எழுதி ஒட்டிய பிறகே பழையதைத் தொடுங்கள். வெள்ளையடிக்க நேர்ந்தால், தட்டுவாரியாகக் கட்டி, கட்டுக்கு எண் இட்டு இறக்குங்கள். பெரிய நூல் தட்டில் நிற்கவில்லையென்றால் அதே இடத்தில் படுக்க வையுங்கள். வாசகர்களும் அன்புகூர்ந்து, படித்த நூலைத் தோன்றிய இடத்தில் செருகாமல் மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள். எடுத்து வைப்பது எங்கள் வேலை. ஏற்கெனவே சீட்டுகளை உரித்துவிட்ட பள்ளிகள், உள்பக்கத்தில் பென்சிலால் அந்த எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாலக்கோட்டுப் பள்ளியில் அதையும் அழிப்பான் கொண்டு அழித்துவிட்டிருந்தார்கள்.