வலி போனதும் மைதானத்தில் இறக்கிவிடாதீர்கள்

மாவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் போதும், ஏற்கெனவே சுளுக்கிய அதே கணுக்காலை மறுபடியும் பிரட்டிக்கொண்டு வாலிபால், கபடி பிள்ளைகள் வரிசையாக என்னிடம் சிகிச்சைக்கு வந்துவிடுகிறார்கள். கதை மாறுவதே இல்லை. முதல் முறை ஐஸ் வைத்தார்கள், கிரேப் பேண்டேஜ் சுற்றினார்கள், இரண்டு வாரம் உட்காரவைத்தார்கள். வீக்கம் வற்றியதும் ஆட அனுப்பிவிட்டார்கள். "வலியே இல்லையே, நன்றாகத்தானே ஓடினான்?" என்று பயிற்சியாளர் என்னிடமே கேட்கிறார்.

வலி இல்லாவிட்டால் வலி இல்லை, அவ்வளவுதான். கால் ஆடத் தயாராகிவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார், எலும்புகளைக் கட்டி வைப்பதோடு நிற்பதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. தசைநார் கிழியும்போது அந்தத் தகவலும் குலைகிறது. பிரிட்டிஷ் எலும்பியல் மருத்துவர் ஃப்ரீமன் 1965லேயே இதை எழுதிவிட்டார். நாம் இன்னும் வீக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடிபட்ட காலில் பிள்ளையை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். கண் திறந்திருந்தபோது அசையாமல் நின்றவன் தள்ளாடுவான். காலிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை கண்ணை நம்பத் தொடங்குகிறது. ஆட்டத்திலோ கண் பந்தின் மீது இருக்கும். வலையருகே எம்பிக் குதித்து, எதிரணியினர் பாதத்தின் மேல் இறங்கும் அந்த நொடியில் காலைக் கவனிக்க யாரும் இல்லை. பாதம் பிரளத் தொடங்கிய பிறகு தசை சுதாரிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். தரையைத் தொடும் முன்பே மூளை தசைகளை இறுக்கி வைத்திருக்க வேண்டும். கெண்டைக்கால் பயிற்சியை எத்தனை முறை செய்தாலும் இது மட்டும் வராது.

ஆடும் பலகை மேல் விழாமல் நிற்கும் சமநிலைப் பலகைப் பயிற்சி, ஏற்கெனவே சுளுக்கு கண்டவர்களிடம் மறுசுளுக்கைக் குறைத்ததாக நெதர்லாந்து வாலிபால் வீரர்களிடம் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது. அதன் மேல் மூளைக்கும் வேலை கொடுப்பது பற்றிய ஆய்வுகள் இன்னும் வளர்ந்துவருகின்றன. ஆனாலும் நான் அதை விடுவதில்லை. ஒற்றைக்காலில் நின்று பந்து பிடிக்கவேண்டும். கூடவே நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லவேண்டும். குதித்து அந்தரத்தில் இருக்கும்போது 'இடது', 'வலது' என்று கூவுவேன். இறங்கியதும் அந்தப் பக்கம் பாயவேண்டும். கபடிப் பிள்ளைகள் பாடிக்கொண்டே, நான் காட்டும் வண்ண அட்டையைப் பார்த்துத் திசை மாற்றவேண்டும். எண்ணிக்கை தப்பினாலும் கால் தடுமாறினாலும் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். தனியாக நின்றால் தேறிவிட்டதாகத் தோன்றும் கால், இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அடிபட்ட அன்று எண்ணெய் போட்டு நீவாதீர்கள். நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். வலி தணிந்ததும் பயிற்சியைத் தொடங்குங்கள், படுக்கவைக்காதீர்கள். ஆட்டத்துக்குத் திரும்பிய பிறகும் சில மாதங்கள் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கும் உறை) போடட்டும், பயிற்சியும் தொடரட்டும்.

பயிற்சியாளர்களே, ஒரு போட்டிக்காக அவசரப்படுத்தாதீர்கள். அடிபட்ட காலில் குதித்து இறங்கிக்கொண்டே நீங்கள் எறியும் பந்தையும் தடுமாறாமல் பிடிக்கும் நாள் வரை, தயவுசெய்து அந்தப் பிள்ளையின் பெயரை அணிப் பட்டியலில் எழுதாதீர்கள்.