நம் ஊர் வெயிலுக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. தாப்பாவிலிருந்து உர மூட்டைகளோடு கேமரன் மலைக்குக் கிளம்பிய பழைய டீசல் பிக்கப், லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ஆவி கக்கி நின்றுவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினேன். தண்ணீர்ப் பாதை வரை ஓடிய விரிசல். அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் தண்ணீரின் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் சின்ன வால்வு, உட்காரும் கூட்டைத் திறந்தேன். காலி.

"யாருப்பா கழட்டினது?"

"முன்னாடி பார்த்த போர்மேன்தான் அண்ணே. குளிர் நாட்டுக்குத்தான் இது வேணும், நம்ம வெயிலுக்குத் தேவையில்லைன்னாரு."

இந்தப் பேச்சை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! எஸ்டேட் லோரி ஓட்டிய பெரியவர்கள் சொன்னார்கள், இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தெர்மோஸ்டாட் தண்ணீரை மறிக்கிறது, அதை எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், எஞ்சின் குளிரும் என்று. ஆனால் அது தண்ணீரை மறிக்க மட்டும் வைத்த பொருள் இல்லை. தண்ணீர் எந்த வழியில் போக வேண்டும் என்று திருப்பிவிடும் வாய்க்கால் மடை அது.

நம் பழைய ஜப்பானிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டுக்கு மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேல்தட்டு ரேடியேட்டர் வழியை மூடியிருக்கும். தண்ணீர் பைபாஸ் என்கிற குறுக்குவழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஏறக்குறைய 82 டிகிரியில் மேல்தட்டு திறக்கத் தொடங்கும். (எந்தச் சூட்டில் திறக்கும் என்று அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள்.) மேல்தட்டு திறக்கத் திறக்க, கீழ்த்தட்டு இறங்கி அந்தக் குறுக்குவழியை அடைக்கும். இப்போதுதான் கொதிக்கிற தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அந்தக் குறுக்குவழி நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். ஹெட்டிலிருந்து வரும் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே போகும். பீடோர் வரை வெறும் வண்டியாகச் சமதரையில் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. சூட்டைக் காட்டும் முள் முன்பைவிடக் கீழேகூட நிற்கும். "பார்த்தீங்களா, சரியாயிடுச்சு" என்பார்கள். ஒரு டன் சுமையோடு மலை ஏறும்போதுதான் வினை. அங்கே ரேடியேட்டருக்குப் போகாத ஒவ்வொரு சொட்டும் கணக்கில் வரும். சமதரையில் மட்டும் ஓடினாலும் நட்டம்தான். எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் கசடு சேரும், சிலிண்டர் தேயும்.

தெர்மோஸ்டாட் கெட்டுப்போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூடியபடியே சிக்கிக்கொள்ளும். சட்டித் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அடியில் படாமல் வைத்துச் சூடாக்குங்கள், பக்கத்தில் ஒரு வெப்பமானி. எழுதியிருக்கும் அளவை ஒட்டித் திறக்கவில்லை என்றால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். சில பத்து வெள்ளிதான். அந்தத் தம்பிக்கு இப்போது ஹெட் வேலைக்கு ஆயிரக்கணக்கில் போகிறது.

வண்டி சூடாகிறது என்று யார் வந்தாலும் நான் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்பேன்: எப்போது சூடாகிறது? நின்றுகொண்டிருக்கும்போது சூடேறி, ஓட்டினால் இறங்குகிறதா? காற்று போதவில்லை. விசிறியை எஞ்சினோடு இணைக்கும் ஃபேன் கிளச்சைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றினால் அது இழுத்துப் பிடிக்க வேண்டும். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளச் போய்விட்டது. விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு வேலைக்குக் கழற்றி, மாட்டச் சோம்பல்பட்டு, மூலையில் போட்டுவிட்ட கூண்டுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாக இழுக்காது, பக்கத்துக் காற்றைத்தான் கலக்கும்.

மேட்டில் மட்டும், சுமையில் மட்டும் சூடா? அப்போது ரேடியேட்டர். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் ஓடும் வண்டி என்றால் முதலில் ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண்ணும் புல்விதையும் பூச்சியும் சேர்ந்து பலகைபோல அடைத்திருக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் ஜெட்டைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் போகும்.

வெளியே எங்கும் ஒழுகவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லுபோல இறுகுகிறது. ரேடியேட்டரில் குமிழி விடாமல் வருகிறது. இது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் காஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டே போயிருக்கிறது. எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் அதற்கப்புறம் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

தண்ணீர் விஷயம். அருவியில் நிறுத்தி போத்தலில் பிடித்து ஊற்றுகிறீர்கள், எனக்குத் தெரியும். வழியில் மாட்டிக்கொண்டால் வேறு வழியில்லை, ஊற்றுங்கள். ஆனால் அதையே வருஷக் கணக்கில் வைத்திருக்காதீர்கள். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட், தண்ணீர் குளிரில் உறையாமல் இருக்க மட்டுமில்லை. அது துரு பிடிக்காமல் காக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சேர்ந்த எஞ்சினில் வெறும் தண்ணீர் இரண்டையும் அரிக்கும். ஒழுகலை அடைக்க மஞ்சள்தூளும் முட்டையும் போடுவதையும் தயவுசெய்து விடுங்கள். ஓட்டையை அடைக்கிற அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

ரேடியேட்டர் மூடியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 0.9 என்று அழுத்த அளவு எழுதிய மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியோடு கேமரன் மலையில் தானா ராத்தா உயரத்துக்குப் போனால் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இதே மூடியைச் சூட்டில் திறந்து மார்பும் கையும் வெந்துபோன ஒருவரை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். திறந்ததும் அழுத்தம் விடுபட்டு, உள்ளே அடங்கியிருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பாயும். துணியைப் போட்டுத் திறந்தாலும் அதேதான். மேல் ஹோஸை வெறும் கையால் தயங்காமல் பிடித்து அமுக்க முடிகிற வரை காத்திருங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. வெந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழும்.

ஏறுமுகத்தில் முள் உயரத் தொடங்கினால் ஏர்கானை அணைத்து, கியரைக் குறைத்து, மெதுவாக ஏறுங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டுங்கள். உயர்ந்த முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். சென்சார் இருக்கிற இடத்தில் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம். அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று தெரியவில்லையா? நாளைக் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, விசிறியிலும் பெல்ட்டிலும் படாமல் மேல் ஹோஸில் கை வையுங்கள். சில நிமிஷம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால், அது உள்ளே இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. அடுத்த சுமையை ஏற்றுவதற்கு முன் ஒன்றைப் போட்டுவிடுங்கள், தம்பி.