டீகோடிங்: குறியை நீக்குவதா, குறிப்பை அறிவதா?

‘மூளையில் இருந்த நினைவை டீகோட் செய்துவிட்டார்கள்’ என்று ஒரு செய்தியைப் படித்தால், பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள் என்றுதான் மனதில் படும். ஆய்வுக்கூடத்தில் நடப்பது அதுவல்ல. தவறான இந்த எண்ணத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்லே. கணினித் தமிழில் அதற்கு வழங்கும் ‘குறிநீக்கம்’, ‘குறிவிலக்கம்’ இரண்டும் அதே எண்ணத்தைத்தான் உண்டாக்குகின்றன. நினைவாற்றல் ஆய்வைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குப் பேனா நின்றுவிடும். சொல்லின் வேரிலிருந்தே பார்த்துவிடலாம்.

‘டீகோடு’ என்பதில் உள்ள ‘கோடு’, லத்தீன் மொழியின் ‘கோடெக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவம் ‘காடெக்ஸ்’. பொருள் அடிமரம், மரக்கட்டை. கட்டையைப் பலகைகளாக அறுத்து, மெழுகு பூசி, எழுத்தாணியால் எழுதி, பலகைகளைச் சேர்த்துக் கட்டினால் அது கோடெக்ஸ். நம்மிடம் ஓலை ஏடானது போல அங்கே மரம் புத்தகமாயிற்று. பிறகு அந்தப் பெயர் சட்டப் புத்தகத்துக்கு வந்தது. பேரரசர் ஜஸ்டினியன் 529இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் பெயரே கோடெக்ஸ்தான். சட்டத் தொகுப்பு என்ற பொருள் விதித் தொகுப்பு என்று விரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் தந்தியும் கொடிச் சைகையும் பரவியபோது, ஒரு சொல்லுக்கு ஈடாக இன்னொரு குறியை வைக்கும் ஏற்பாட்டுக்கு ‘கோடு’ என்ற பெயர் நிலைத்தது. அந்தக் குறியை மீண்டும் சொல்லாக்குவது டீகோடிங்.

மெழுகுப் பலகையைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிளேட்டோவின் ‘தியேட்டேடஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் நினைவுக்குச் சொல்லும் உவமையும் மெழுகுதான். மனதுக்குள் ஒரு மெழுகுக் கட்டி இருப்பதாக வைத்துக்கொள், கண்டதும் கேட்டதும் முத்திரை மோதிரம் போல அதில் பதிகின்றன, பதிவு இருக்கும்வரை நினைவு, அழிந்தால் மறதி என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் நாம் ‘மனதில் பதிந்தது’ என்றே பேசுகிறோம். பதிந்ததைப் படித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அங்கிருந்தே கூடவே வருகிறது.

தந்தியில் டீகோடிங் எளிது. புள்ளியும் கோடும் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று மனிதர்கள் முன்பே பேசி வைத்த பட்டியல் உண்டு. அதைப் புரட்டினால் விடை உறுதி. மூளைக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் தன் நண்பரின் முகத்தை நினைக்கும்போது பல கோடி நியூரான்கள் ஏற்றமும் இறக்கமுமாக இயங்குகின்றன. இவற்றில் எது முகம், எது பெயர், எது வெறும் இரைச்சல் என்று சொல்ல அகராதி கிடையாது. இந்த இடத்தில்தான், எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கணினி தானே பழகிக்கொள்ளும் இயந்திரக் கற்றல் தேவைப்படுகிறது.

2005இல் ‘சயின்ஸ்’ இதழில் ஷான் பாலின், கென்னத் நார்மன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பங்கேற்பவர், மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருக்கிறார். புகழ்பெற்றவர்களின் முகங்கள், பெயர்பெற்ற இடங்கள், அன்றாடப் பொருள்கள் என்று மூன்று வகைப் படங்களை வரிசையாகப் பார்த்து மனதில் வைத்துக்கொள்கிறார். கருவி மூளையைச் சிறுசிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரத்த ஓட்டத்தோடு மாறும் சமிக்ஞையைப் பதிகிறது. அரிசி மணி அளவுள்ள ஒரு சதுரத்துக்குள்ளேயே லட்சக்கணக்கில் நியூரான்கள் இருக்கும். தனித்தனியே பார்த்தால் எந்தச் சதுரமும் பெரிதாக எதையும் சொல்லாது. ஆயிரக்கணக்கான சதுரங்கள் சேர்ந்து உண்டாக்கும் கோலம்தான் பேசும். முகத்தைப் பார்க்கையில் வரும் கோலம் எது, இடத்தைப் பார்க்கையில் வருவது எது என்று ஒரு கணினி நிரல் நூற்றுக்கணக்கான எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது.

பிறகு படங்கள் எதுவும் இல்லை. ‘நினைவில் இருப்பதை எந்த வரிசையிலும் சொல்லுங்கள்’ என்கிறார்கள். அவர் யோசிக்கிறார். நிரல் அவர் மூளைப் பதிவைக் கணத்துக்குக் கணம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நடிகரின் பெயர் அவர் வாயில் வருவதற்குச் சில வினாடிகளுக்கு முன்பே முகத்துக்குரிய கோலம் எழும்பத் தொடங்குகிறது. பெயரைச் சொல்வதற்கு முன் மனம் முதலில் ‘முகங்கள்’ என்ற பக்கம் திரும்புகிறது. தேடல் அங்கே தொடங்குகிறது. நினைவுகூர்தல் என்பது மெழுகில் பதிந்ததை அப்படியே படிப்பதல்ல, பார்த்த நேரத்து நிலைக்கு மூளை ஓரளவு திரும்பிப் போவது என்ற கருத்துக்கு இது நல்ல சான்று. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஆய்வு இது.

நிரல் எதை அறிந்தது என்பதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர் எந்த நடிகரை நினைத்தார் என்று அது சொல்லவில்லை. ‘முகமாக இருக்க வாய்ப்பு அதிகம், இடமாக இருக்கக் குறைவு’ என்றே சொன்னது. சொல்லாததைக் கண்டு, தோற்றத்திலிருந்து, ஐயத்தோடு உணர்வது இது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: குறிப்பறிதல்.

திருக்குறளில் இந்தத் தலைப்பில் ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது, அரசவையில் ஒருவர் உள்ளத்தில் உள்ளதை முகத்திலிருந்து அறிவது பற்றியது. 110ஆவது, காதலர் கண்ணிலிருந்து அறிவது. ‘கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்’ என்று தொடங்குகிறது முதலாவது. வாய் திறந்து சொல்லாதபோதே, பார்த்து, அறிகிறவன். வகைப்படுத்தும் நிரலின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்த குறள் இன்னும் கூர்மை: ‘ஐயப் படாஅது அகத்தது உணர்வானைத் தெய்வத்தோ டொப்பக் கொளல்.’ ஐயமே இல்லாமல் உள்ளத்தை உணர்பவன் தெய்வத்துக்குச் சமம் என்றால், மற்ற எல்லாருடைய குறிப்பறிதலிலும் ஐயம் கலந்திருக்கும் என்றுதானே பொருள்! நிரல் தரும் விடையும் எப்போதும் ஒரு நிகழ்தகவுதான்.

அந்த ஐயம் எவ்வளவு பெரியது என்பதை 2010இல் ஜெஸ்ஸி ரிஸ்மேன், ஹென்றி கிரீலி, ஆந்தனி வாக்னர் மூவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு முகத்தைப் பார்த்து ‘இது முன்பு பார்த்ததுதான்’ என்று ஒருவர் உணர்கிறாரா என்பதை நிரல் நன்றாகவே அறிந்தது. உண்மையில் அந்த முகத்தை அவர் முன்பு பார்த்திருந்தாரா என்பதை அறிவதில் அது பெரும்பாலும் தோற்றது. ‘பார்த்தேன்’ என்ற உணர்வு வேறு, பார்த்தது வேறு. பிந்தைய ஆய்வொன்றில், நினைவை மறைக்கும் உத்தியைச் சொல்லிக் கொடுத்ததும் நிரலின் கணிப்பு நாணயம் சுண்டிப் பார்க்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் இந்த வேலையைக் ‘குறிநீக்கம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘மனதைப் படித்தல்’ அதைவிட மோசம்.

குறிப்பு அறிந்தால் உதவவும் முடிகிறது. வலிப்பு நோய்க்கு மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்ட நோயாளிகளிடம், மைக்கேல் கஹானாவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுவினர் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. நோயாளிகள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யும்போது, ‘இந்தச் சொல் மனதில் நிற்காது போலிருக்கிறது’ என்று நிரல் குறிப்பறிந்த கணத்தில் மட்டும் பக்கவாட்டு மூளைப் பகுதியில் சிறு மின்தூண்டல் தரப்பட்டது. பின்னர் சொற்களை நினைவுகூர்வது சுமார் 15 சதவீதம் கூடியது.

இனி சொல் வழக்குக்கு வருவோம். ‘குறிநீக்கம்’ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடியோ கோப்பு, தந்தி போல மனிதர் வகுத்த குறிமுறை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அது பொருந்தும். ‘என்கோடிங்’ என்பதற்குக் கணினியில் ‘குறியாக்கம்’ சரி. நினைவைப் பற்றிப் பேசும்போது ‘பதிவு’, ‘பதிதல்’ போதும். மூளைப் பதிவிலிருந்து எண்ணத்தை ஊகிக்கும் டீகோடிங்குக்குக் ‘குறிப்பறிதல்’, அதைச் செய்யும் டீகோடருக்குக் ‘குறிப்பறி நிரல்’. ‘குறிப்பு’ என்றால் இன்று பலருக்கு நோட்ஸ்தானே நினைவுக்கு வரும் என்று கேட்கலாம். தனியே நின்றால் வரும். ‘அறிதல்’ ஒட்டியவுடன் அந்தக் குழப்பம் போய்விடுகிறது. ‘குறிப்பறிந்து நடந்துகொள்’ என்று இன்றும் சொல்கிறோமே.

ஆக, ‘நினைவை டீகோட் செய்துவிட்டார்கள்’ என்ற தலைப்பை இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘அவர் நினைத்தது முகமா, இடமா, பொருளா என்பதை மூளைப் பதிவிலிருந்து நிரல் குறிப்பறிந்தது.’ கூடவே எத்தனை முறைக்கு எத்தனை சரி என்றும் எழுத வேண்டும். மூன்று வகை இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாகிவிடும்.